ஐந்நூற்றைம்பது

ருஸ்னா மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வருகிறாள்,
கையில் அச்சடித்த தாள்.
திரும்பி வந்த மெயிலை ஏன் அச்சடிக்க வேண்டும்
என்று நான் கேட்பதில்லை.
தாளில் இருந்தால்தான் அவளுக்கு அது நடந்தது.

தூத்துக்குடி வெங்காயம், நாற்பதடிக் கொள்கலன்,
துறைமுகத்தில் நாலாம் நாள்.
திருத்திய பில்லைப் பார்த்து அங்கிருந்து ஒருவர்
'சரி' என்று ஒரு வரி எழுத வேண்டும்,
அவ்வளவுதான்.
"ஐந்நூற்றைம்பது என்டு போட்டிரிக்கி. இது சல்லியா?"
இல்லை.
அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்கிறது.

முதலில் எழுத்துப் பிழை.
எப்போதும் முதலில் எழுத்துப் பிழை.
சூசைரத்தினத்தை ஆங்கிலத்தில்
எத்தனை விதமாய் எழுதலாம் என்று எண்ணத் தொடங்கி
பதினொன்றில் விட்டேன்.
இரட்டை ஓவா, யூவா,
டீக்குப் பின்னால் எச் உண்டா.
வங்கிப் புத்தகத்தில் ஒரு நான்
அடையாள அட்டையில் இன்னொரு நான்
என்று திரிகிற எனக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

எச்சைச் சேர்த்து அனுப்பினோம்.
இம்முறை நானூற்றைம்பத்தொன்று:
பிறகு வா.
கச்சேரி லிகிதர் போல, முகம் பார்க்காமல்.
தெரியாதவரை முதல் தரம் திருப்பி விடுவது
சில சேர்வர்களின் வழக்கம்.
உண்மையான ஆள் மறுபடி வருவான்,
கள்ளனுக்குப் பொறுமை இல்லை என்று ஒரு கணக்கு.
பொறுத்திருந்தோம்.
ஏசி சொட்டுகிற நிடோ டின் நிறைந்துவிட்டது,
போய் ஊற்றிவிட்டு வந்தேன்.
கொள்கலனுக்குள் வெங்காயம் இந்நேரம்
எவ்வளவு முளைவிட்டிருக்கும் என்று
ருஸ்னா விரலால் காட்டினாள்.

மூன்றாவது பதில் நீளம்.
வாசிக்கும்போதே வயிறு இறுகியது.
உங்கள் விலாசம் கறுப்புப் பட்டியலில்.

"நாங்க ஒன்டும் செய்யல்லயே."
இல்லைதான்.
இதே எண்வரிசையில் இருக்கிற எவனோ,
இந்தக் கட்டடத்தின் மேல்மாடியிலோ மருதானையிலோ,
லொத்தர் விழுந்திருக்கிறது என்று
பத்தாயிரம் பேருக்கு எழுதியிருக்கிறான்.
பட்டியல் ஆளைப் பார்ப்பதில்லை.
தெருவைப் பார்க்கிறது.

கொட்டாஞ்சேனையில் அறையெடுத்திருந்த வருடம்
பொலிஸ் பதிவுத் துண்டு
பேர்சுக்குள் மடிப்போடு மடிப்பாய்க் கிழிந்துகொண்டிருந்தது.
ஏன் கொழும்புக்கு வந்தது.
யார் பொறுப்பு.
அந்த லொட்ஜில் பன்னிரண்டு அறைகள்.
எந்த அறைக்காக அன்று என்னை
வெளிச்சத்தின் கீழ் விடியும்வரை நிறுத்தினார்கள் என்று
இன்றைக்கும் தெரியாது.

ருஸ்னாவுக்கு அப்போது நாலு வயதிருக்கும்.
சொல்லவில்லை.

பட்டியலிலிருந்து நீக்கும்படி படிவம் நிரப்பினேன்.
எங்கள் பெயரில் பேச எந்த எண்ணுக்கு அனுமதி என்று
டொமைன் பதிவில் ஒரு வரி சேர்த்தேன்.
அது இத்தனை நாளாய் இல்லாமலிருந்தது என் பிழை.
கடைசியில் காரணம் எழுத ஒரு பெட்டி.
'நாங்கள் சரக்கு இறக்கி ஏற்றுகிறவர்கள், வேறொன்றுமில்லை'
என்று எழுதினேன்.
கெஞ்சல் மாதிரி இருந்தது, அழித்தேன்.
பிறகு அதையே எழுதினேன்.

ஐந்தாம் நாள் பின்னேரம் இருநூற்றைம்பது.
ருஸ்னா கைதட்டப் போனாள்.
பொறு.
வாசலில் வாங்கிவிட்டார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.
பிரித்தார்களா என்பது அதற்குத் தெரியாது.

போன் போட்டாள். ஸ்பீக்கரில் சூசைரத்தினம்,
பின்னால் லாரி ஹாரன்.
"ஒண்ணும் வரலையேம்மா... இருங்க, இருங்க...
அட, குப்பைல கெடக்கு.
லாட்டரி லெட்டர் ரெண்டுக்கு நடுவுல."

நான் குனிந்து போனுக்குள் சொல்கிறேன்,
தேவைக்கு மேல் சத்தமாக:
'குப்பை அல்ல' என்று ஒரு பொத்தான் இருக்கும், ஐயா.
அதை அழுத்துங்கள்.
ஒருதரம் அழுத்தினால் போதும், பிறகு மறக்காது.

"எங்க," என்று தேடுகிறார் அவர்,
"மேலயா,
கீழயா?"